காசு கட்டாதவர் பட்டியலில் காசு கட்டியவர்

2006 மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. புறக்கோட்டையில் கடையைத் திறந்து இன்னும் பேல்களை அவிழ்க்கவில்லை. தொலைபேசி அடித்தது. அக்குறணையில் இருந்து ஒரு ஹாஜியார். என் வாப்பா காலத்தில் இருந்தே எங்களிடம் சாரனும் படுக்கை விரிப்பும் எடுப்பவர்.

"தம்பி, ஒங்கட வாப்பா இருந்த காலத்துல எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது இல்ல" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஸலாம் சொல்லி வைத்துவிட்டார்.

கடிதத்தை அனுப்பியவன் நான்தான். "தங்களது கணக்கில் கடந்த ஜனவரி முதல் எவ்விதக் கொடுப்பனவும் கிடைக்கப்பெறவில்லை" என்று ஆரம்பித்து, நிலுவையை இரண்டு வாரத்திற்குள் தீர்க்குமாறு கேட்கும் கடிதம். அப்படி 38 கடிதங்களைப் பதிவுத் தபாலில் சேர்த்திருந்தேன். ஹாஜியாரின் கோவையை எடுத்துப் பார்த்தேன். ஜனவரியில் ஒரு தடவை, பெப்ரவரியில் ஒரு தடவை, இரண்டு முறையும் காசு தந்திருக்கிறார். இரண்டு பற்றுச்சீட்டிலும் என் கையொப்பம்.

அன்று மாலை வரை உட்கார்ந்து 38 கணக்கையும் கையால் சரிபார்த்தேன். 31 பேர் அந்தக் காலத்தில் ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள். அதைவிடப் பெரிய விடயம் இன்னொன்று. அதற்கு முந்திய ஒக்டோபரில் முதல் தடவையாகச் சரக்கெடுத்து, அன்றில் இருந்து ஒரு சதம்கூடத் தராத மூன்று புதுக் கடைகள் இருந்தன. அவற்றுக்குக் கடிதமே போகவில்லை. பட்டியலில் அவற்றின் பெயரே இல்லை.

கணனி பழுதா என்றால் இல்லை. கேள்வியை எழுதியவன் நான். அந்தக் கேள்வியில் என்ன பிழை என்பதைத்தான் இவ்வாரம் எழுதப் போகிறேன். ஏனென்றால் இதே கேள்வி எல்லோருடைய கடையிலும் இருக்கிறது. இந்த மாதம் யார் காசு தரவில்லை? ஆறு மாதமாக யார் கடைப்பக்கம் வரவில்லை? எந்தச் சரக்கு ஒரு தரம்கூட விற்கவில்லை? வியாபாரத்தில் பணம் முடங்குவது இந்த "இல்லை"களில்தான். கணனியிடம் கேட்கப் பிழைத்துப் போவதும் இதே "இல்லை"தான்.

கொப்பியில் கண்ணுக்குத் தெரிந்தது

வாப்பா காலத்தில் எங்கள் கடையில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். தடித்த பேரேடு. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. மாத முடிவில் அவர் விரலை நனைத்துப் பக்கங்களைப் புரட்டுவார். வலது பக்கம் வெறுமையாகக் கிடந்தால் அங்கே ஒரு காகிதத் துண்டைச் செருகுவார். காசு தராதவர் பட்டியல் அவ்வளவுதான். வராத காசு அந்தப் பேரேட்டில் வெள்ளைத் தாளாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

2004 ஆம் ஆண்டு நாங்கள் கணனிக்கு மாறினோம். மைக்ரோசொப்ட் எக்செஸ் மென்பொருளில் மூன்று அட்டவணைகள். ஒன்றில் வாடிக்கையாளர்களின் இலக்கமும் பெயரும் ஊரும். இன்னொன்றில் பில்கள். மூன்றாவதில் வரவுகள். வரவு அட்டவணையில் யாராவது காசு தந்தால் ஒரு நிரை சேரும்: வாடிக்கையாளர் இலக்கம், திகதி, தொகை. தராவிட்டால்? ஒன்றும் சேராது. "இன்னார் இன்று காசு தரவில்லை" என்று யாரும் உட்கார்ந்து பதிய மாட்டார்கள் அல்லவா? பேரேட்டில் இருந்த வெள்ளைத் தாள் கணனியில் இல்லை. நடந்ததற்கு மட்டும்தான் அங்கே நிரை உண்டு.

நான் செய்தது இதுதான். வாடிக்கையாளர் அட்டவணையையும் வரவு அட்டவணையையும் இலக்கத்தால் இணைத்தேன். நிலுவை ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மேல் என்று ஒரு நிபந்தனை போட்டேன். அதோடு, வரவுத் திகதி ஜனவரி 1 க்கும் மார்ச் 15 க்கும் இடையில் "அல்லாதது" என்று இன்னொரு நிபந்தனை. படித்துப் பார்த்தால் சரிபோலத்தான் தோன்றுகிறது. மாலை வகுப்பில் மூன்று மாதம் படித்த அறிவுக்கு அது போதும் என்றும் எண்ணினேன்.

ஆனால் கணனி ஆளைப் பார்ப்பதில்லை, நிரையைப் பார்க்கிறது. ஹாஜியார் பெயரில் மொத்தம் 13 வரவு நிரைகள் இருந்தன. அதில் இரண்டு, ஜனவரியும் பெப்ரவரியும், என் நிபந்தனையால் கழிந்தன. மீதி 11 பழைய நிரைகள். அவை ஒவ்வொன்றும் "இந்தக் காலத்தில் அல்லாதது" என்ற சோதனையில் தேறின. எனவே ஹாஜியார் பெயர் 11 தடவை வந்தது. ஒரே பெயர் பல தடவை வருகிறதே என்று "ஒரு தடவை மட்டும் காட்டு" என்றும் நானே கட்டளை கொடுத்தேன். அந்த 11 தடவை எனக்குத் தந்த எச்சரிக்கையை என் கையாலேயே துடைத்தேன்.

பாருங்கள், இந்தப் பிழை யாரைத் தேடிப் பிடிக்கிறது என்று. நீண்ட காலமாக, தவறாமல் காசு கட்டுபவருக்குப் பழைய நிரைகள் அதிகம். எனவே அவர் நிச்சயம் பட்டியலில் விழுவார். ஒரு தடவையும் கட்டாதவருக்கு வரவு அட்டவணையில் நிரையே கிடையாது. இணைப்பதற்கு ஒன்றுமில்லாததால் அவர் முதல் படியிலேயே காணாமல் போய்விடுவார். சிறந்த வாடிக்கையாளரை அவமதித்து, மோசமானவரை மறைத்து வைக்கும் பட்டியல் அது. வேண்டுமென்றே எழுதினாலும் அவ்வளவு சரியாகப் பிழைக்காது.

என் சகோதரியின் மகன் அப்போது பல்கலைக்கழகத்தில் கணனி படித்துக்கொண்டிருந்தான். அழைத்துக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தான்.

"மாமா, நீங்க கேட்டது 'இந்தக் காலத்துல காசு தராத ஆள் யாரு' என்டு இல்ல. 'இந்தக் காலத்துக்கு வெளியில ஒரு தரமாவது காசு தந்த ஆள் யாரு' என்டுதான் கேட்டீங்க. அது கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு" என்றான்.

பின்பு அவன் சொன்ன உதாரணம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. வகுப்பறைக்குள் போய், "இன்று பாடசாலைக்கு வராத பிள்ளைகள் எல்லாம் கையை உயர்த்துங்கள்" என்று கேட்டால் யார் உயர்த்துவார்? வராதவனைக் கண்டுபிடிக்க வரவு இடாப்பு வேண்டும். இடாப்பில் இருந்து ஒவ்வொரு பெயராக வாசித்து, அந்தப் பிள்ளை உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் இடாப்பு வாடிக்கையாளர் அட்டவணை. வகுப்பறை வரவு அட்டவணை. நான் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்பறைக்குள் தேடியிருக்கிறேன்.

முதலில் தமிழில் சொல்லுங்கள்

அவன் உடனே எழுதித் தரவில்லை. "முதல்ல தமிழ்ல ஒழுங்காச் சொல்லுங்க மாமா" என்றான். மூன்று தரம் சொல்லித் திருத்திய பின் இப்படி வந்தது:

"வாடிக்கையாளர் பட்டியலில் ஒவ்வொருவராக எடு. நிலுவை ஐம்பதாயிரத்துக்கு மேலா என்று பார். மேல் என்றால், வரவு அட்டவணைக்குப் போ. இதே வாடிக்கையாளரின் இலக்கத்தில், ஜனவரி 1 அல்லது அதன் பின்னர் திகதியிட்ட நிரை ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் இவரை விட்டுவிடு. ஒன்றுகூட இல்லையென்றால் பெயரைத் தா."

இதைத்தான் எஸ்.கியூ.எல். என்ற வினவல் மொழியில் "நொட் எக்ஸிஸ்ட்ஸ்" என்று எழுதுகிறார்கள். "அப்படி ஒன்று இல்லை" என்பது பொருள். கணக்கப்பிள்ளை விரல் நனைத்துச் செய்த வேலையை அப்படியே கணனிக்குச் சொல்வது இது.

இதில் எது வெளியே, எது உள்ளே என்பதுதான் முழு விடயமும். நிலுவை நிபந்தனை வெளியே, ஏனென்றால் அது ஆளைப் பற்றியது. திகதி நிபந்தனை உள்ளே, அடைப்புக்குள், ஏனென்றால் அது வரவைப் பற்றியது. "இதே வாடிக்கையாளரின்" என்ற சொல்லும் உள்ளே இருக்க வேண்டும். அதை ஒரு நாள் நான் மறந்துவிட்டேன். அப்போது கணனி ஒவ்வொருவருக்கும் "ஜனவரிக்குப் பின் யாராவது காசு தந்தார்களா?" என்றுதான் பார்த்தது. யாரோ ஒருவர் தந்திருந்தார், எனவே எல்லோரும் தப்பினார்கள்.

விற்பனைப் பக்கத்திலும் இதே சங்கதிதான். சாரன் வாங்காத கடைகள் எவை என்று பார்த்து விற்பனைப் பிரதிநிதியை அனுப்ப விரும்பினால், "பொருள் சாரன் அல்ல" என்று தேடாதீர்கள். சாரனோடு ஒரு டசின் துவாயும் வாங்கியவர் அந்தத் துவாய் நிரையால் பட்டியலில் வந்து நிற்பார். பிரதிநிதி போய் அவர் கடையில் எங்கள் சாரனையே அவருக்குக் காட்டிவிட்டு வருவான். "இந்தக் கடைக்குச் சாரன் போட்ட பில் நிரை ஒன்றும் இல்லை" என்று தேட வேண்டும். விற்காத சரக்குக்கும் அப்படியே. சரக்குப் பட்டியலில் இருந்து ஆரம்பித்து, ஆறு மாதத்தில் இந்தப் பொருளுக்கு ஒரு பில் நிரையும் இல்லை என்றால் காட்டு. பில்களில் இருந்து ஆரம்பித்தால், விற்றதுதான் தெரியும்.

இந்தப் பட்டியல் "இல்லை" என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. 2005 நடுப்பகுதியில் ஆறு மாதமாகச் சரக்கெடுக்காத கடைகளின் பட்டியலை நான் பேரேட்டையும் வைத்துக்கொண்டு கையால் எடுத்தேன். மருதமுனை, சாய்ந்தமருது, ஹம்பாந்தோட்டை என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வந்தன. 2004 டிசம்பர் 26 கடல் வந்த ஊர்கள். அதில் இரண்டு கடைகள் நின்ற இடமே இல்லை என்று அறிந்தேன். அந்தப் பட்டியலை மடித்து இலாச்சிக்குள் வைத்தேன். யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

ஒரு பெயரும் இல்லாத பட்டியல்

மருமகன் படிப்பை முடித்து கட்டாருக்குப் போனான். 2007 இல் நாங்கள் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்துக்கு மாறினோம். வேறொரு இளைஞர் வினவல்களைப் புதிதாக எழுதித் தந்தார். அவர் கையாண்டது "நொட் இன்" என்ற முறை. அதாவது, முதலில் மூன்று மாதத்தில் காசு தந்தவர்களின் இலக்கங்களை ஒரு பட்டியலாகச் சேர். பின்பு அந்தப் பட்டியலில் "இல்லாத" வாடிக்கையாளர்களைக் காட்டு. கேட்கவே எளிமையாக இருக்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாகச் சரியாகவே வேலை செய்தது.

2008 ஓகஸ்ட் மாதம். நோன்பு நெருங்குகிறது, பெருநாள் சீசனுக்குச் சரக்கு விடும் காலம். வழமைபோலப் பட்டியலை எடுத்தேன். ஒரு பெயரும் இல்லை. வெறும் தலைப்பு மட்டும்.

சந்தோசப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. எல்லோரும் கட்டிவிட்டார்கள் என்று நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதே சரி. தென்பகுதி நகரம் ஒன்றில் ஒரு கடைக்காரர் பெரிய ஓடர் தந்திருந்தார். அவர் மீது சிறு சந்தேகம் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லையே என்று 4 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா சரக்கைக் கடனுக்கு விட்டேன். அவர் மே மாதத்தில் இருந்து ஒன்றும் கட்டியிருக்கவில்லை. நவம்பரில் அந்தக் கடை பூட்டப்பட்டிருந்தது. அந்தக் காசு இன்றுவரை வரவில்லை.

காரணத்தைத் தேடியபோது கிடைத்தது ஒரே ஒரு நிரை. ஓகஸ்ட் முதல் வாரத்தில் எமது வங்கிக் கணக்கில் யாரோ 12,500 ரூபா வைப்பிலிட்டிருந்தார். வங்கிக் கூற்றில் பெயர் தெளிவில்லை. கடையில் இருந்த பிள்ளை, யாருடையது என்று பிறகு பார்ப்போம் என எண்ணி, வாடிக்கையாளர் இலக்கத்தை வெறுமையாக விட்டு வரவைப் பதிந்துவிட்டான். நேர்மையான வேலைதான். தெரியாததைத் தெரிந்ததுபோல அவன் பதியவில்லை.

இந்த வெறுமையைத் தரவுத்தளக்காரர்கள் "நல்" என்கிறார்கள். தமிழில் நல் என்றால் நல்லது. இந்த நல் எனக்குச் செய்ததை மேலே சொல்லிவிட்டேன்.

அது நடந்த விதம் இதுதான். நல் என்றால் சைபர் அல்ல, வெற்று எழுத்தும் அல்ல. "தெரியாது" என்பது. 47 ஆம் இலக்க வாடிக்கையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். காசு தந்தவர்களின் பட்டியலில் 12 உண்டு, 31 உண்டு, 58 உண்டு, ஒரு "தெரியாது"வும் உண்டு. 47 இந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்கிறோம். 12 அல்ல, சரி. 31 அல்ல, சரி. 58 அல்ல, சரி. அந்தத் தெரியாதவர் 47 ஆக இருக்கலாமா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனவே 47 பட்டியலில் இல்லை என்று கணனியால் சத்தியம் செய்ய முடியாது. நிச்சயமாகத் தெரிந்ததை மட்டுமே அது காட்டும். ஆகவே 47 ஐக் காட்டாது. 48 க்கும் அதே கதை. 49 க்கும் அதே கதை. ஒரு வெறுமை எல்லாக் கடன்காரர்களையும் காப்பாற்றிவிட்டது. பிழைச் செய்தி ஒன்றும் வராது. கணனியைப் பொறுத்தவரை பிழை ஒன்றும் நடக்கவில்லை.

இப்படி ஒரு விதியை யார் வைத்தார்கள் என்று எனக்குக் கோபம். தேடி வாசித்தேன். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த கொட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1970 இல் எழுதிய கட்டுரையில்தான், எல்லாத் தகவலையும் நிரைகள் கொண்ட அட்டவணைகளாக வைக்கும் முறை பிறந்தது. அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பொய்சும் 1974 இல் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியை வெளியிட்டார்கள். அதுவே இன்றைய எஸ்.கியூ.எல். தெரியாத தகவலை என்ன செய்வது என்பதற்கு அதில் ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளோடு "தெரியாது" என்ற மூன்றாவது விடையும் சேர்ந்தது. அறிஞர்கள் மத்தியிலேயே அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. கொட்டோடு சேர்ந்து வேலை செய்த டேட் என்பவரே அதை எதிர்த்து நிறைய எழுதியிருக்கிறார். எனக்கு டேட் பக்கம்தான் நியாயம் படுகிறது. ஆனால் 4 இலட்சத்து 85 ஆயிரம் இழந்தவனின் தீர்ப்பில் பக்கச்சார்பு இருக்கும்.

"நொட் எக்ஸிஸ்ட்ஸ்" முறை இந்தக் குழியில் விழுவதில்லை. அது 47 க்காக வரவு அட்டவணைக்குள் போய், 47 என்று எழுதிய நிரையைத் தேடுகிறது. வெறுமையான நிரை யாருக்கும் பொருந்தாது, அதைத் தாண்டிப் போய்விடும். 47 என்ற நிரை இல்லை, எனவே 47 கடன்காரர். முடிந்தது. நான் மறுவாரமே எல்லா வினவல்களையும் இந்த முறைக்கு மாற்றச் சொன்னேன்.

இருந்தும் 12,500 ரூபா தந்த மனிதர் யாரோ, அவர் பாவம், கடன்காரர் பட்டியலில்தான் நிற்பார். அதற்காக இரண்டு ஏற்பாடு செய்தோம். வரவில் வாடிக்கையாளர் இலக்கத்தை வெறுமையாக விடவே முடியாதபடி தரவுத்தளத்தில் கட்டுப்பாடு போட்டோம். ஆள் தெரியாத காசுக்கு 999 என்று ஓர் இலக்கம் கொடுத்து, தொங்கல் கணக்காக வைத்தோம். கடிதம் அனுப்ப முன்னர் 999 இல் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டே அனுப்புகிறோம். அந்த 12,500 பின்னர் ஒரு பேருவளைக் கடையினுடையது என்று தெரிய வந்தது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. வாடிக்கையாளர் எல்லோரையும் இடப்பக்கம் வைத்து, வரவு இருந்தால் வலப்பக்கம் ஒட்டு, இல்லாவிட்டால் வலப்பக்கத்தை வெறுமையாக விடு என்று சொல்லி, பின்பு வலப்பக்கம் வெறுமையானவர்களை மட்டும் எடுப்பது. "லெப்ட் ஜொயின்" என்பார்கள். எக்செஸில் பொருந்தாத பதிவுகளைத் தேடித் தரும் ஒரு வழிகாட்டி இருக்கிறது, அதுவும் இதைத்தான் செய்கிறது. வாப்பாவின் பேரேட்டுக்குக் கிட்டிய முறை என்பதால் எனக்கு இதில் ஒரு பிரியம். ஆனால் திகதி நிபந்தனையை ஒட்டும் இடத்திலேயே போட வேண்டும். கடைசியில் போட்டால், வெறுமையான வலப்பக்கத்துக்குத் திகதி எது? அந்த நிரைகள் எல்லாம் கழிந்து, மறுபடியும் வெற்றுப் பட்டியல் வரும்.

திரும்பிய காசோலை

இனி எமது வியாபாரத்துக்கே உரிய ஒரு வில்லங்கம். பிந்திய திகதியிட்ட காசோலை. சரக்கெடுக்கும்போதே இரண்டு மாதம் தள்ளித் திகதி போட்டுக் காசோலை தருவார்கள். நாங்கள் அதை வரவாகப் பதிந்துவிடுவோம். காசோலை திரும்பினால் அதை வேறோர் அட்டவணையில் பதிவோம். ஆனால் வரவு நிரை அப்படியே இருக்கும். எனவே காசோலை திரும்பியவர் "காசு தந்தவர்" என்ற கணக்கில் தப்பிவிடுகிறார். முதலில் சொன்ன பட்டியல் அவரைக் காட்டவே காட்டாது.

இங்கே இல்லாததற்குள் இன்னோர் இல்லாததைத் தேட வேண்டியிருக்கிறது. தமிழில் இப்படி: இவருடைய வரவுகளில், திரும்பிய காசோலைப் பதிவு இல்லாத வரவு ஒன்றாவது இருக்கிறதா? அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் பெயரைத் தா. ஒரு "நொட் எக்ஸிஸ்ட்ஸ்" இன் வயிற்றுக்குள் இன்னொரு "நொட் எக்ஸிஸ்ட்ஸ்". வாசிக்கத் தலை சுற்றும். தொலைபேசியில் கட்டாரில் இருந்து மருமகன் இதை எனக்கு விளங்கப்படுத்த இரண்டு அழைப்பு அட்டை முடிந்தது. ஆனால் இதை இயக்கிய முதல் நாளே, நான் நல்லவர்கள் என்று எண்ணியிருந்த ஒன்பது கடைகள் பட்டியலுக்கு வந்தன.

தரவுத்தளம் எல்லாம் எமக்கெதற்கு, எக்ஸெல் போதும் என்கிறவர்களுக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளர் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், வரவுத் தாளில் இவர் எத்தனை தடவை வருகிறார் என்று "கவுண்ட்இப்" சூத்திரத்தால் எண்ணுங்கள். திகதியும் பார்க்க வேண்டுமானால் "கவுண்ட்இப்ஸ்". விடை சைபர் என்று வரும் ஆட்களை வடிகட்டினால் பட்டியல் கிடைக்கும். ஆனால் பெயரை வைத்து எண்ணாதீர்கள். எங்கள் ஆட்களின் பெயர்களை எழுதும் விதம் உங்களுக்குத் தெரியாததா? ஒரே மனிதர் ஓர் இடத்தில் முஹம்மத், இன்னோர் இடத்தில் மொஹமட், மூன்றாவது இடத்தில் வெறும் எம். கணனிக்கு இவர்கள் மூன்று பேர். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலும் வேறு ஆள்தான். காசு தந்தவர் தராதவர் ஆகிவிடுவார். ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுத்து, எல்லாத் தாளிலும் அந்த இலக்கத்தையே பாவியுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் தமிழில் கேட்டாலே வினவலை எழுதித் தருகிறது. நானும் பாவிக்கிறேன். ஆனால் "ஜனவரிக்குப் பின் காசு தராதவர்கள்" என்று மட்டும் கேட்டால், திரும்பிய காசோலையைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்?

அதனால் எந்த வினவலானாலும் நான் நம்புவதற்கு முன் ஒரு சிறிய கூட்டல் செய்கிறேன். 2008 ஓகஸ்டில் எமக்கு மொத்தம் 412 வாடிக்கையாளர்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது காசு தந்தவர்கள் 297 பேர். அப்படியானால் தராதவர்கள் 115 ஆக இருக்க வேண்டும். எனக்கு வந்ததோ சைபர். 297 உம் சைபரும் 412 ஆகுமா? சாதாரணக் கல்குலேட்டரில் அரை நிமிட வேலை. அதை அன்று செய்யவில்லை. இப்போது தராதவர் பட்டியல் அச்சாகும்போது, அடியில் இந்த மூன்று எண்களும் சேர்ந்து அச்சாகும்படி செய்திருக்கிறேன். பெயர்களைப் பார்க்க முன்னர் கண் அங்கேதான் போகிறது. அதோடு, காசு தரவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒருவரின் பெயரைப் பட்டியலில் தேடுவேன். அவர் இல்லையென்றால் மேலே வாசிப்பதில்லை.

ஹாஜியாரின் கதையை முடிக்கவில்லை. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டால் போதாது என்று உம்மா சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து மாத்தளை வீதியால் அக்குறணை போனேன். ஹாஜியார் பிளேன்டீ வரவழைத்தார். நான் கணனியைப் பற்றியும் நிரைகளைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. எழுந்து போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். உள்ளே எமது பற்றுச்சீட்டுகள், திகதி வரிசையில், இறப்பர் பட்டி போட்டு. கணனியில் ஏறிய 13 உம் இருந்தன. அவற்றுக்குக் கீழே வாப்பாவின் கையெழுத்தில் ஒரு கட்டு.

"எங்கட கொம்பியூட்டர் இதுதான் தம்பி" என்றார். பின்பு இரண்டு பேல் சாரனுக்கு ஓடர் எழுதச் சொன்னார்.

இப்போது கடையை அவரது மகன் நடத்துகிறார். காசு மேசையின் கண்ணாடிக்குக் கீழே என் கடிதம் இன்னும் இருக்கிறது. 2006.03.17 என்று திகதி, கீழே என் கையொப்பம். கொழும்பில் இருந்து வரும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அதைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் ஓடர் கொடுக்கிறாராம்.